கல் என்று சொன்னேன்

எனக்கு எழுத வராது. ஆறாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியை விட்டு நின்றவள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ரவிக்கை அளவுதான், மார்பு இத்தனை, கை இத்தனை என்று. பிழை இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். போன வாரம் நடந்ததே மறந்து போகிறது, போன வருஷத்தை எப்படி ஒழுங்காகச் சொல்வேன்? பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் இதில் ஒரு வரிகூட என்னிடமிருந்து வந்திருக்காது. வாயைத் திறக்காததால் வந்ததுதான் இவ்வளவும்.

என் மகளுக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகி எட்டு வருஷம். கிளமெண்டியில் வீடு, அங்கேயே பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. மாப்பிள்ளை கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் இன்ஜினியர். அவர்கள் யாழ்ப்பாணத்து வழி வந்தவர்கள், தாத்தா காலத்திலேயே இங்கே வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம், காத்தோங்கில் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. நாங்கள் அப்படி இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினார். நான் தேக்கா பக்கம் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்தேன். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. நான் இப்போதும் வாரத்தில் மூன்று நாள் என் வீடு இருக்கிற ஆங் மோ கியோவிலிருந்து ரயிலேறிப் போய்க் கொக்கி வைத்துக் கொடுக்கிறேன்.

பிள்ளைகள் இரண்டு பேரும் தாங்களே பார்த்துப் பிடித்துக்கொண்டவர்கள். இருந்தாலும் முறைக்கு என்று சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. பேச்சோடு பேச்சாக, "உங்கட பக்கம் பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி என்று அவரே எடுத்தும் கொடுத்தார். ஒன்றுமில்லைங்க என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். அது முதல் தடவை.

மாப்பிள்ளையோடு நான் பேசுகிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் உட்கார மாட்டாள், முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். என் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். மகள் வீட்டுச் சமையலறைக்குக் கதவு கிடையாது. அதனால் நான் ஐஸ்பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசுவேன். இந்தக் காலத்தில் யாரும் அப்படி இல்லை என்று தெரியும். கழுத்து திரும்பாது, அவ்வளவுதான். மாப்பிள்ளை கேலிக்காரர். கல்யாணமான புதிதில் மகளிடம் சொன்னாராம், "உன் அம்மாவுக்கு என்னைவிட ஃபிரிட்ஜை ரொம்பப் பிடிச்சிருக்கு லா. நான் அதுக்குள்ள போய் உக்காந்துக்கிறேன், அப்பவாவது என்னைப் பார்ப்பா." எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தேன்.

குழந்தை நிற்கவில்லை. ஐந்து வருஷம் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். ஊசி போட்டு முட்டையை எடுத்து, வெளியில் வைத்துக் கருவாக்கி, திரும்ப உள்ளே வைப்பது. நல்லபடியாக வளர்ந்த கரு மூன்று கிடைத்தது. மூன்று என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் நான் குழப்பினாலும் பரவாயில்லை. முதலாவதை வைத்தார்கள். பதினாலு நாள் காத்திருந்து ரத்தம் சோதித்தார்கள். இல்லை என்றார்கள். மீதி இரண்டும் உறைய வைத்துப் பத்திரமாக இருந்தது.

இரண்டாவதை வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் டாக்டர் வரச் சொன்னார். நானும் போனேன். நான் போவது வெளியே உட்கார்ந்திருக்கத்தான், மகளுக்குப் பசித்தால் கொடுக்க இட்லி எடுத்துக்கொண்டு. டாக்டர் சீனப் பெண், நாற்பது வயது இருக்கும், முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். மகளை உள்ளறையில் உடை மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டு, அவளுடைய அம்மா வந்திருக்கிறாரா, கூப்பிடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். எனக்குச் சந்தையில் பேசுகிற பாசார் மலாய் வரும். இங்கிலீஷில் சைஸும் டுமாரோ ரெடியும் வரும். அதனால் டாக்டர் கேட்பதை மாப்பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும், நான் சொல்வதை அவர் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசினார். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காது சிவந்துவிட்டது, அதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாமி, டாக்டர் கேக்கிறா. அவளுக்கு மாசா மாசம் வலி அதிகமா இருக்கு. உங்களுக்கும் அப்படி இருந்துதா? ரத்தம் நிறையப் போச்சா? கர்ப்பப்பையில ஏதாவது பிரச்சினை, ஆப்பரேஷன்?"

அந்த அறையில் ஐஸ்பெட்டி இல்லை. சுவரில் பெண்ணின் வயிற்றைக் குறுக்காக வெட்டிக் காட்டுகிற படம் ஒன்று தொங்கியது. அதையும் பார்க்க முடியவில்லை. என் பையில் இருந்த இட்லி டப்பாவைப் பார்த்தேன்.

"இல்லைன்னு சொல்லுங்க, தம்பி."

"ஒண்டும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லை. கல்லு எடுத்தாங்க, அவ்வளவுதான்."

அவர் சொன்னார். டாக்டர் தட்டெழுதினார். எத்தனை சின்னச் சத்தம் அது. மகள் வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவை ஏன் கூப்பிட்டீங்க என்று கேட்டாள். மாப்பிள்ளை, "உன் அம்மாவோட கல் கதை கேட்டோம்" என்றார். அவள், ஐயோ பாவம் அம்மா, என்று என் தோளைத் தட்டினாள்.

இப்போது கல் விஷயத்தைச் சொல்கிறேன்.

மகள் பிறந்த இரண்டு வருஷத்தில் எனக்கு அது ஆரம்பித்தது. மாதத்தில் பத்து நாள் ரத்தம். தையல் கடையில் மெஷின் முன்னால் உட்காரும்போது கறுப்புத் துணியை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வேன். எழுந்திருக்கும்போது முதலில் திரும்பிப் பார்ப்பேன். கடைக்கு வருகிறவர்கள் ஏன் எப்பவும் அதே காப்பிக்கொட்டை நிறச் சேலை என்று கேட்பார்கள். வலி என்றால் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற வலி. மகளுக்குப் பின்னால் இரண்டு தடவை உண்டானேன், இரண்டும் இரண்டு மூன்று மாதத்திற்குள் போய்விட்டன. நாற்பதை நெருங்கும்போது ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போய் ரயில் நிலையத்தில் விழுந்தேன். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு தமிழ் மிஸி, நர்சுகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: கர்ப்பப்பையின் சதைச்சுவர் தடித்துக் கெட்டியாகிவிட்டது, உள்பக்கத்து ஜவ்வு சதைக்குள்ளே புகுந்து வளர்கிறது, மாதா மாதம் சதைக்குள்ளேயே ரத்தம் கசிகிறது, எடுத்துவிட வேண்டியதுதான். எடுத்துவிட்டார்கள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அதற்கு முன் வருஷம் ஒருத்திக்கு எடுத்திருந்தார்கள். அவளைப் பற்றி லிஃப்ட்டிலும் பாசாரிலும் பேசிய பேச்சு எனக்குத் தெரியும். நானும் கூட நின்று கேட்டவள்தான். அதனால் படுக்கையில் கிடந்துகொண்டே வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். அவர் என்னைவிடக் கூச்சக்காரர். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கல்லுன்னு சொல்லிருவோம்" என்றார். கிட்னிக் கல். அவர் அண்ணனுக்கு இருந்தது, அதனால் அதைப் பற்றிச் சொல்ல நாலு வார்த்தை தெரியும்.

மகளுக்கு அப்போது பத்து வயது. அவளிடமும் கல்தான். யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள், கல்லுக்குப் பார்லித் தண்ணீர் நல்லது என்று. அன்று பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்பில் பார்லி வைப்பாள். தக்காளி சாப்பிடாதே, கீரை சாப்பிடாதே, விதை இருக்கிற எதையும் சாப்பிடாதே. வீட்டுக்கு யார் வந்தாலும் எங்க அம்மாவுக்குக் கல்லு ஆப்பரேஷன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லுவாள். பார்லி எனக்குப் பிடிக்காது. கொழகொழவென்று இருக்கும். அவள் பக்கத்தில் நின்று கடைசிச் சொட்டு வரை பார்ப்பாள். குடித்தேன். கல்யாணமாகிப் போன பிறகும் என் வீட்டு அலமாரியில் பார்லி டப்பா குறையாமல் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு வயது வந்த பிறகு மாதா மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். வெந்நீர்ப் பை வைத்துக் கொடுப்பேன். எல்லாருக்கும் இருக்கிறதுதான் என்று சொல்லுவேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு பயம் இருக்கும். அந்தப் பயத்தை நான் ஒரு நாளும் வார்த்தையாக்கவில்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். இரண்டாவதை வைத்தார்கள். ஒவ்வொரு தடவை ஸ்கேன் பார்க்கும்போதும் டாக்டர், லைனிங் நன்றாக இருக்கிறது, லைனிங் நன்றாக இருக்கிறது என்றே சொல்லுவாராம். கர்ப்பப்பையின் உள்பக்கத்து ஜவ்வுக்கு அந்தப் பெயர். ரவிக்கைக்கு லைனிங் வைத்துத் தைக்கிற எனக்கு அந்த வார்த்தை புரிந்தது. மேல்துணி சரியில்லை என்றால் லைனிங் எவ்வளவு நன்றாக இருந்தும் ரவிக்கை உடம்பில் நிற்காது. அதுவும் எனக்குத் தெரியும். கடையில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டே அதை நினைத்தேன். போன் பண்ணிச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். யாரிடம், எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் ஒரு ரவிக்கை முடிந்துவிடும். அடுத்ததை எடுத்துக்கொள்வேன்.

வைத்த ஐந்தாம் நாள் மகளுக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. எட்டாம் நாள் மறுபடியும். பதினாலாம் நாள் ரத்தச் சோதனை. மாப்பிள்ளைதான் போன் செய்தார். "இல்லையாம், மாமி" என்றார். அவர் அன்று கேலி எதுவும் செய்யவில்லை.

அதற்கப்புறம் டாக்டருக்குச் சந்தேகம் வந்து எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று நான் கிளமெண்டி வீட்டில் இருந்தேன். மகள் வேலைக்குப் போட்ட உடுப்போடு சமையலறையில் வந்து நின்று, ஒரு நீளப் பெயர் சொன்னாள். கர்ப்பப்பைச் சுவரில் ஜவ்வுக்கு அடுத்து இருக்கிற தசை தடித்திருக்கிறதாம், பின்பக்கத்தில். அந்தத் தசை எல்லாப் பெண்களுக்கும் மெதுவாக அசைந்துகொண்டே இருக்குமாம், கரு வந்து ஒட்டுகிற நாளில் மட்டும் அடங்கி இருக்க வேண்டுமாம். தடித்துப்போனால் அடங்காதாம், தாறுமாறாக இழுக்குமாம். தடித்திருக்கிற எல்லாருக்கும் தவறும் என்றில்லை, ஆனால் தவறுவது அதிகம் என்று டாக்டர் சொன்னாராம்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா அதை அடக்க ஊசி போட்டுட்டு அப்புறமா வச்சிருப்பாங்களாம்மா. இப்ப ஒண்ணுதான் இருக்கு."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தமிழ் மிஸி சொன்னதை அப்படியே இவள் சொல்கிறாள், வார்த்தைதான் வேறே. அப்போது சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டில் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தேன்.

தசையை அடக்க மாதம் ஒரு ஊசி, மூன்று மாதம். அந்த ஊசி போட்டால் மாதவிலக்கு நின்றுபோகும். மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு வருகிறதெல்லாம் முப்பத்தொன்பது வயதில் அவளுக்கு வந்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், முகம் சிவக்கும், கழுத்தில் வியர்வை ஓடும். எலும்பு வலி. ஒரு நாள் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "உனக்கு எத்தனை வயசுல இப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். கர்ப்பப்பையை எடுத்த அன்றோடு எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது, உடம்புக்கு அந்த வயது எப்போது வந்தது என்று நானே சரியாகச் சொல்ல முடியாது. ஐம்பது இருக்கும் என்றேன். கையில் இருந்த கடை விளம்பரத் தாளால் அவளுக்கு விசிறினேன். இதுவும் ஒரு பொய், எத்தனையாவது என்று எண்ணவில்லை.

மூன்றாவது ஊசி முடிந்து, ஜவ்வு வளர மாத்திரை கொடுத்து, கருவை வைப்பதற்குப் பத்து நாள் முன்னால் ஸ்கேன். அன்று மகள் என்னையும் உள்ளே வரச் சொன்னாள். பயமாக இருக்கிறது, கையைப் பிடித்துக்கொள் என்றாள். ஆகவே அந்த அறையில் நான் இருந்தேன், மாப்பிள்ளை இருந்தார், டாக்டர் இருந்தார், மகள் இடுப்பு வரை துணி போர்த்திப் படுத்திருந்தாள்.

டாக்டர் கருவியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு திரையைக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் ஒரு பேரிக்காய் மாதிரி கர்ப்பப்பை. நடுவில் வெளிச்சமாக ஒரு கோடு, அதுதான் லைனிங். அதைச் சுற்றி மங்கலாக ஒரு பட்டை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பட்டை மெல்ல நெளிந்தது, கீழேயிருந்து மேலே, தண்ணீருக்குள் துணி நெளிகிற மாதிரி. மறுபடி அடங்கியது. மாப்பிள்ளை எனக்குச் சொன்னார், முன்னால் இது நிறைய இருந்ததாம், இப்போது குறைந்திருக்கிறதாம், பட்டையும் மெலிந்திருக்கிறதாம், டாக்டருக்குத் திருப்தியாம்.

என் உடம்பில் இருபத்தொன்பது வயதில் அவளை வைத்திருந்தது அதே மாதிரி ஒன்று. அதை யாரும் எனக்குக் காட்டவில்லை. அவளுக்குள்ளே அது நெளிவதைப் பார்த்தேன். மகள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்குத் தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். வாய்க்குள் இருந்தது தானாக வெளியே விழுந்துவிட்டது.

"தம்பி, டாக்டர்கிட்ட சொல்லுங்க. எனக்கும் இதுதான். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. கல்லு இல்லை."

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் கண் என்ன நிறம் என்று பார்த்தேன்.

அவர் இங்கிலீஷில் சொல்லவில்லை. டாக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஆன்ட்டி என்ன சொல்றாங்க?" என்று இங்கிலீஷில் கேட்டார். மகளின் கை என் கையிலிருந்து தளர்ந்தது. படுத்தபடியே, கூரையைப் பார்த்துக்கொண்டு, அவள்தான் டாக்டருக்குச் சொன்னாள். எல்லாம் இங்கிலீஷில். மதர் என்று இரண்டு முறை வந்தது.

டாக்டர் கருவியை எடுத்து வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். மாப்பிள்ளை ஒவ்வொரு வாக்கியமாக மாற்றிச் சொன்னார். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்று இல்லை, சில குடும்பங்களில் அப்படிப் பார்க்கிறோம். ஸ்கேனில் லேசான சந்தேகம் இருந்ததால்தான் அன்றைக்குக் கேட்டேன். இருந்தது என்று சொல்லியிருந்தால் எம்.ஆர்.ஐ அப்போதே எடுத்திருப்பேன். இரண்டாவதை வைப்பதைத் தள்ளிப் போட்டிருப்பேன். தள்ளிப் போட்டிருந்தால் நின்றிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக என் முழங்கையைத் தொட்டு, "நாட் யுவர் ஃபால்ட், ஆன்ட்டி" என்றார். அதற்கு மாப்பிள்ளை தேவைப்படவில்லை. கடையில் தையல் பிரிந்துபோன ரவிக்கையைக் கொண்டு வருகிறவர்களிடம் நாங்கள் துணியின் மேல் பழி போட மாட்டோம், தைத்தவள் மேலும் போட மாட்டோம். ஏதோ ஆகிவிட்டது என்போம். அந்த மாதிரிப் பேச்சு அது.

கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற வழியில் மகள் நின்றாள். மாப்பிள்ளை முன்னால் போய்விட்டார். அவள் சத்தம் போடவில்லை.

"தினமும் பார்லி காய்ச்சிக் கொடுத்தேனேம்மா. நீயும் குடிச்சியே."

அவள் கார் பக்கம் நடந்தாள். நான் வருகிறேனா என்று மாப்பிள்ளை கையால் கேட்டார். ரயிலில் போய்க்கொள்கிறேன் என்று கையால் சொன்னேன். அன்றைக்கும் மகளுக்கு என்று கொண்டுபோன இட்லி டப்பா என் பையிலேயே இருந்தது. ஆங் மோ கியோ வரைக்கும் நின்றுகொண்டே போனேன், இடம் இருந்தும்.

மூன்றாவதை வைக்கிற அன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை. எந்த நாள் என்று மட்டும் தெரியும். கடைக்குப் போனேன். கொக்கியைத் தலைகீழாக வைத்து இரண்டு ரவிக்கை பிரித்தேன். முதலாளியம்மா உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போங்க அக்கா என்றார். கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பி, வாசல்வரை போய், திரும்பிவிட்டேன். என்ன கேட்பது? இத்தனை வருஷம் மறைத்துவிட்டு இப்போது நல்லது செய் என்று கேட்க முடியவில்லை.

பதினைந்தாம் நாள் மாப்பிள்ளை போன் செய்தார். "மாமி, நிண்டிருக்கு" என்றார். அவர்களுடைய பேச்சில் அப்படித்தான் சொல்லுவார்கள். பக்கத்தில் மகள் இருப்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. ஏழாவது வாரம் இதயத் துடிப்பு பார்த்ததாக மறுபடி அவர்தான் சொன்னார். நெல்லை உமியோடு பார்த்த அளவு இருக்கிறதாம். நான் ஒரு பச்சைச் சில்க் துணி எடுத்து வைத்தேன், வளைகாப்புக்கு ரவிக்கை தைக்க. வெட்டவில்லை. அளவு மாறும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை.

டாக்டர் சொன்னாராம், இப்படிப்பட்ட தசை இருந்தால் நின்ற பிறகும் போவது உண்டு, ஆனால் இது கருவிலேயே இருந்த குறையாகவும் இருக்கலாம், எது என்று தெரியாது. மாத்திரை கொடுத்து வெளியே வர வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் மகள் என்னைக் கூப்பிட்டாள். போனேன். சூடு வைத்துக் கொடுத்தேன், பழைய துணி மடித்துக் கொடுத்தேன். அவளுடைய வலி எனக்குத் தெரிந்த வலி. மாப்பிள்ளை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்று, சாப்பிடுங்க தம்பி என்றேன். சரி மாமி என்றார். நான் எங்கே பார்க்கிறேன் என்று இருவரும் கவனிக்கவில்லை.

உறைய வைத்தது எதுவும் மீதி இல்லை. மறுபடி முட்டை எடுக்கலாம், வயதும் தசையும் இரண்டும் எதிராக இருக்கிறது, நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர்கள் நினைத்துப் பார்த்துவிட்டார்கள். முடிவை எனக்குச் சொல்லவில்லை. ஆனால் குழந்தைக்கு என்று சின்ன அறையில் போட்டிருந்த அலமாரியை விற்றுவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மகள் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள் அலமாரியைத் திறந்து பார்லி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். பாதி இருந்தது.

"உனக்கு இது பிடிக்குமா?"

"பிடிக்காது."

அவள் சிரித்த மாதிரி இருந்தது, மூக்கால் ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான். டப்பாவைக் குப்பையில் போடுவாள் என்று நினைத்தேன். மூடியை இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பிறகு சொன்னாள். எனக்கும் எடுக்க வேண்டி வரலாம், ரத்தம் அதிகமாகிவிட்டது என்று. உன் கதை முழுசும் எனக்கு வேண்டும் என்றாள். எப்போது ஆரம்பித்தது, எத்தனை நாள், போன இரண்டும் எத்தனை மாதத்தில் போயின, மிஸி என்ன சொன்னார். "உன்னால வாயால சொல்ல முடியாது. எழுது. பேரு ஒண்ணும் போடாதே. நல்லா வந்தா அச்சுக்குக் கொடுப்போம், அம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்காத பொண்ணுங்க நிறைய பேரு லைப்ரரிக்கு வர்றாங்க." அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, "அவரும் படிப்பாரு" என்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன்.

எழுதிவிட்டேன். ஆறு வாரம் ஆயிற்று. என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டாவது கரு நின்றிருக்குமா என்பதை ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். டாக்டரே தெரியாது என்று சொன்னதை நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது.

எனக்கு நடந்ததில் நாள் கணக்கு தப்பியிருக்கலாம். பழைய ஆஸ்பத்திரி அட்டை பீரோவில், வீட்டுக்காரர் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. மகள் அதை எடுத்து ஒத்துப் பார்க்கட்டும். தசையைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் டாக்டர் சொன்னதாக நான் எழுதியிருப்பதெல்லாம் மற்றவர் வாய் வழியாக எனக்கு வந்தது. அதிகமும் நடுவில் நின்று மாற்றிச் சொன்னவர் மாப்பிள்ளைதான். ஆகையால், தம்பி, இதை நீங்கள் ஒரு முறை முழுக்கப் படித்து, எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே திருத்திக் கொடுங்கள். டாக்டர் அறையில் இல்லைன்னு சொல்லுங்க என்று நான் சொன்ன இடத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.